லினக்ஸ் அப்டேட்டுக்குப் பிறகு சிஸ்டம் பூட் ஆகவில்லையா? மலையிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் போதும், "அண்ணே, அப்டேட் கேட்டுச்சு, ஓகே குடுத்தேன், இப்ப கறுப்பா நிக்குது" என்று போன் வர ஆரம்பித்துவிடும். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-லும் ஆதரவு நின்றது. அந்த இரண்டு சமயத்திலும் டீ பேக்டரி ஆபீஸ், ஹோம்ஸ்டே, மளிகைக்கடை என்று இந்தப் பக்கத்துப் பழைய மெஷின்கள் பலவற்றில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் வகைகளான உபுண்டுவோ லினக்ஸ் மின்டோ ஏற்றிக் கொடுத்தேன். 2011-ல் தொடங்கி அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்புகளும் சில வீடுகளில் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கின்றன. எல்லோருக்கும் போனில் ஒன்றையே சொல்லிச் சொல்லி வாய் வலிப்பதால் எழுதி வைத்துவிட்டேன்.

படிக்கும் முன் ஒன்று. கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினல் என்ற கட்டளைத் திரையில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும். சொல்வதெல்லாம் உபுண்டு, மின்ட், டெபியன் மூன்றையும் மனதில் வைத்து. ஃபெடோரா, ஆர்ச் வைத்திருப்பவர்களுக்குக் கட்டளைப் பெயர்கள் கொஞ்சம் மாறும்.

கறுப்புத் திரையில் நிற்கிறது. உள்ளே இருந்த கணக்கெல்லாம் போச்சா?

போகவில்லை. உங்கள் ஃபைல்கள் இருக்கும் இடம் வேறு, இப்போது கெட்டிருக்கும் இடம் வேறு. பூட்லோடர் கெட்டால் வீட்டுச் சாவி தொலைந்த மாதிரி. பீரோவில் வைத்த நகை அப்படியேதான் இருக்கும்.

பயப்பட வேண்டியது அடுத்து யாராவது செய்யப்போகும் காரியத்துக்கு. ஒரு ஹோம்ஸ்டேக்காரர் இதே மாதிரி நின்ற லேப்டாப்பை ஒரு கடையில் கொடுத்தார். அவர்கள் ஒரு வார்த்தை கேட்காமல் ஃபார்மட் அடித்து, புதுசாக ஏற்றி, பளபளவென்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மூன்று வருட புக்கிங் கணக்கு, விருந்தாளிகளின் அடையாளச் சான்று ஸ்கேன், எல்லாம் காலி. பூட்லோடரைச் சரிசெய்திருந்தால் கால் மணி நேர வேலை. "ஃபார்மட் போட்டாத்தான் சரியாகும்" என்று யாராவது சொன்னால் மெஷினை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பூட்லோடர் என்றால் என்ன? ஒரு அப்டேட் அதை எப்படிக் கெடுக்கும்?

நம்ம மலை ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து நீராவி எஞ்சின் பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு குன்னூர் வரை வரும். குன்னூரில் அதைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை மாட்டுவார்கள். அதுதான் ஊட்டி வரை கொண்டுபோகும். கம்ப்யூட்டரில் பவர் பட்டனை அழுத்தியதும் ஓடும் பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ முதல் எஞ்சின். லினக்ஸின் மைய நிரலான கெர்னல் இரண்டாவது எஞ்சின். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வண்டியை மாற்றிவிடும் குன்னூர் ஸ்டேஷன்தான் பூட்லோடர். லினக்ஸில் அதன் பெயர் கிரப்.

இந்த ஸ்டேஷன் ஒரே இடத்தில் இல்லை என்பதுதான் வம்பே. பழைய பயாஸ் மெஷினில் டிஸ்கின் முதல் செக்டர் 512 பைட். அதில் பார்ட்டிஷன் (டிஸ்கைப் பிரித்த பகுதி) அட்டவணைக்கு 64, கடைசி அடையாளத்துக்கு 2 போக, பூட் நிரலுக்கு மிஞ்சுவது 446 பைட்தான். அதற்குள் என்ன வைக்க முடியும்? "அடுத்து அங்கே போ" என்ற ஒரு வரி. அந்த "அங்கே" முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால் விட்டிருக்கும் காலி இடம். கிரப்பின் மையப் பகுதி அதில் உட்கார்ந்திருக்கும். மிச்சமுள்ள மாட்யூல்களும் (துணை நிரல்கள்) எதை பூட் செய்வது என்று கேட்கும் மெனுவும் லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் /பூட்/கிரப் என்ற ஃபோல்டரில். புதிய யூஇஎஃப்ஐ மெஷினில் தனியாக ஒரு ஃபேட்32 பார்ட்டிஷன் இருக்கும், அதில் ஷிம் (கிரப்பைச் சரிபார்த்து ஏற்றும் சின்ன நிரல்), கிரப் என்று ஃபைல்கள். "எந்த ஃபைலை முதலில் எடு" என்ற பட்டியல் மதர்போர்டின் நினைவகத்தில். மெனு மட்டும் அங்கேயும் /பூட்/கிரப்பில்தான்.

ஆக, மூன்று இடம். அப்டேட் ஒன்றைப் புதுசாக்கி இன்னொன்றைப் பழசாகவே விட்டுவிட்டால் இரண்டுக்கும் பேச்சுவார்த்தை முறிந்துவிடும். என் மேஜைக்கு வரும் பூட் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் அடி. மீதி, கரண்ட்.

திரையில் வருவதை வைத்து எங்கே கோளாறு என்று சொல்ல முடியுமா?

முடியும். வண்டி எந்த ஸ்டேஷனில் நின்றது என்று தெரியாமல் ஸ்பேனரை எடுக்கக் கூடாது. போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் "என்னமோ இங்கிலீஷ்ல வருது" என்பதைவிட ஆயிரம் மடங்கு உதவும்.

"நோ பூட்டபிள் டிவைஸ்" என்று வந்தால் வண்டி மேட்டுப்பாளையத்தையே தாண்டவில்லை. டிஸ்க் கண்ணில் படவில்லை, அல்லது பயாஸ் அமைப்பு மாறிவிட்டது. கிரப்பை இப்போதைக்குக் குறை சொல்லாதீர்கள். மழைக்காலத்தில் நான் முதலில் செய்வது டிஸ்க் கேபிளைக் கழற்றித் துடைத்து மாட்டுவதுதான். இந்த ஈரத்தில் கனெக்டரில் பச்சை பூப்பது சாதாரணம்.

"கிரப் ரெஸ்க்யூ" என்ற வார்த்தையும் பக்கத்தில் ஒரு அம்புக்குறியும் வந்தால் மையப் பகுதி ஓடுகிறது, மாட்யூல்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை. வெறும் "கிரப்" என்று மட்டும் வந்து கீழே கட்டளை கேட்டால் நிலைமை அதைவிட நல்லது: மாட்யூல்கள் கிடைத்துவிட்டன, மெனு ஃபைல்தான் இல்லை.

மெனு வந்து, தேர்ந்தெடுத்த பிறகு "கெர்னல் பேனிக்" என்றால் கிரப் தன் வேலையை முடித்துவிட்டது. கோளாறு கெர்னல் பக்கம். லோகோ வந்து அதற்கப்புறம் கறுப்பாகிறதா? அநேகமாக டிஸ்ப்ளே டிரைவர். மெனுவில் அந்த வரியின் மேல் வைத்து இ எழுத்தை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் என்று சேர்த்து, எஃப்10 அழுத்திப் பாருங்கள்.

எத்தனை தடவை ஆன் செய்தாலும் நேரே பயாஸ் செட்டிங்ஸுக்கே போய் நிற்கிறது என்றால், ஆர்ச் குடும்பத்தில் 2022 ஆகஸ்டில் அப்படி ஒரு கூத்து நடந்தது. மெனு ஃபைல் புதுசாக எழுதப்பட்டது, டிஸ்கில் இருந்த கிரப் பழசு. புது மெனுவில் "செட்டிங்ஸுக்குப் போகும் வசதி இருக்கிறதா என்று பார்" என்று ஒரு வரி. பழைய கிரப்புக்கு "பார்" புரியவில்லை. "போ" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டது. மேலே சொன்ன பேச்சுவார்த்தை முறிவுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பழைய கெர்னலில் பூட் செய் என்கிறார்கள். மெனுவே வரவில்லையே?

உபுண்டுவும் மின்டும் மெனுவை மறைத்து வைத்திருக்கும். பயாஸ் மெஷினில் ஆன் செய்ததும் ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டே இருங்கள். யூஇஎஃப்ஐ மெஷினில் கம்பெனி லோகோ மறையும் நேரத்தில் எஸ்கேப்பை ஒரு தட்டு. ஒரே ஒரு தட்டு. பதற்றத்தில் படபடவென்று தட்டினால் மெனுவையும் தாண்டி கிரப் கட்டளைத் திரைக்குப் போய்விடும். உடனே "இதுவும் போச்சு" என்று போன் வரும். அங்கே நார்மல் என்று அடித்து எண்டர் தட்டி, மறுபடி எஸ்கேப்பை ஒரு தட்டு தட்டினால் மெனு வந்துவிடும்.

மெனுவில் இரண்டாவது வரி "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்". உள்ளே போனால் கெர்னல்கள் புதுசு முதலில், பழசு கீழே என்று வரிசையாக இருக்கும். மேலிருக்கும் ஒரு ஜோடியை விட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். பூட் ஆகிவிட்டால் பாதி ஜெயித்தாயிற்று.

கரண்ட் போய் வந்த பிறகு மெனு வந்து அப்படியே நிற்கிறது. கெட்டுவிட்டதா?

30 விநாடி பொறுங்கள், தானாகப் போகும். போன தடவை ஒழுங்காக எழவில்லை என்று கிரப் குறித்து வைத்துக்கொண்டு, உங்களுக்கு யோசிக்க நேரம் தருகிறது.

"கெர்னல் பேனிக், யூனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ்" என்று வருகிறது. என்ன செய்வது?

கெர்னல் எழுந்துவிட்டது, ஆனால் கையில் கட்டுச்சோறு இல்லை. ரூட் பார்ட்டிஷனை (லினக்ஸ் இருக்கும் பார்ட்டிஷன்) திறக்கத் தேவையான டிரைவர்களைச் சின்ன மூட்டையாகக் கட்டி கெர்னலோடு அனுப்புவார்கள். அதற்கு இனிட்ராம்எஃப்எஸ் என்று பெயர். புதுக் கெர்னல் இறங்கி, மூட்டை கட்டும்போது கரண்ட் போயிருக்கும். இல்லையென்றால் டிஸ்கில் இடம் தீர்ந்திருக்கும்.

பழைய கெர்னலில் பூட் செய்து, டெர்மினலில் டிஎஃப் -எச் அடித்து இடம் பாருங்கள். டிஸ்கை என்கிரிப்ட் செய்து நிறுவியவர்களுக்கு /பூட் தனிப் பார்ட்டிஷனாக, சின்னதாக இருக்கும். 100 சதவீதம் என்று காட்டினால் திருடன் கிடைத்துவிட்டான். சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ் அடித்தால் தேவையில்லாத பழைய கெர்னல்கள் கழிந்துவிடும். ஃபைல் மேனேஜரில் போய் /பூட்டுக்குள் இருப்பதைக் கையால் அழிக்காதீர்கள். அழித்தவர்கள் அதற்கடுத்த தெருவில்தான் மாட்டிக்கொண்டார்கள்.

இடம் வந்ததும் எல்எஸ் /லிப்/மாட்யூல்ஸ் அடித்துப் புதுக் கெர்னலின் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு, சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே, அதன் பின்னால் அந்த எண். பிறகு சூடோ அப்டேட்-கிரப். ரீஸ்டார்ட்.

கிரப் ரெஸ்க்யூவில் நிற்கிறது. பென்டிரைவ் எதுவும் கையில் இல்லை. வழி உண்டா?

உண்டு, அந்தத் திரைக்குத் தெரிந்த கட்டளைகள் நாலுதான் என்றாலும். எல்எஸ் என்று அடியுங்கள். அடைப்புக்குறிக்குள் எச்டி0, எச்டி0 கமா எம்எஸ்டாஸ்1, அல்லது ஜிபிடி2 என்று பார்ட்டிஷன்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றாக எல்எஸ், ஒரு இடைவெளி, அந்தப் பெயர் அடைப்புக்குறியோடு, கடைசியில் ஒரு சாய்கோடு என்று அடித்துப் பாருங்கள். "அன்னோன் ஃபைல்சிஸ்டம்" என்றால் அது இல்லை, அடுத்தது. ஹோம், இடிசி, பூட் என்ற பெயர்கள் வந்தால் அதுதான் உங்கள் வீடு.

இப்போது செட் ப்ரிஃபிக்ஸ்=அந்தப் பார்ட்டிஷன், அதோடு ஒட்டி /பூட்/கிரப். சமக்குறியின் இரண்டு பக்கமும் இடைவெளி விடக் கூடாது. அடுத்து செட் ரூட்=அதே பார்ட்டிஷன். இன்ஸ்மாட் நார்மல். பிறகு நார்மல். மெனு வந்துவிடும்.

மெனு வந்து பூட் ஆனதோடு எழுந்து டீ குடிக்கப் போய்விடாதீர்கள். நீங்கள் செய்தது அந்த ஒரு தடவைக்கு மட்டும் செல்லும். உள்ளே போனதும் சூடோ கிரப்-இன்ஸ்டால் /டெவ்/எஸ்டிஏ, பிறகு சூடோ அப்டேட்-கிரப் அடித்தால்தான் நிலைக்கும். பயாஸ் மெஷினில் முழு டிஸ்கின் பெயர் வேண்டும். எஸ்டிஏ1 என்று பார்ட்டிஷன் எண் சேர்க்கக் கூடாது.

"சிம்பல் கிரப்_காலாக் நாட் ஃபவுண்ட்" என்று வந்து ரெஸ்க்யூவில் நிற்கிறது. மேலே சொன்னதைச் செய்தும் சரியாகவில்லையே?

ஆகாது. இன்ஸ்மாட் நார்மல் அடித்தாலும் அதே பிழைதான் திரும்ப வரும். இது நான் நேரில் போய்ப் பார்த்த கதை, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2020 ஜூலை 29-ல் பூட்ஹோல் என்ற ஓட்டை கிரப்பில் இருப்பதாக அறிவித்தார்கள். மெனு ஃபைலைத் திருத்தி, நம்பகமான நிரலை மட்டும் பூட் செய்ய விடும் செக்யூர் பூட்டையே ஏமாற்றிவிடலாம் என்ற அளவுக்குப் பெரிய ஓட்டை. எல்லா லினக்ஸ்காரர்களும் அவசர அவசரமாக அப்டேட் விட்டார்கள். ஆகஸ்ட் முதல் வாரம், கட்டபெட்டு பக்கம் ஒரு டீ பேக்டரியிலிருந்து போன். பச்சைத் தேயிலை எடைக் கணக்கு முழுக்க அந்த ஒரு சிஸ்டத்தில். சிறு விவசாயிகளுக்குப் பணம் போட வேண்டிய நாள். மாவட்டம் தாண்ட இ-பாஸ் கேட்ட காலம் அது. கீழே இறங்கி கோயம்புத்தூர் போய் யாரையும் பார்க்கவும் முடியாது.

போய்ப் பார்த்தேன். ஆபீஸ் ஜன்னலில் வெள்ளையாக மேகம், உள்ளே வாட்டிய இலையின் வாசம், திரையில் இந்த ஒரு வரி. கேபினெட்டைத் திறந்தால் இரண்டு டிஸ்க். முந்தின வருஷம் நான்தான் பழைய ஹார்ட் டிஸ்கை அப்படியே ஒரு எஸ்எஸ்டிக்கு நகலெடுத்து, பழையதைக் காலி செய்து, பேக்கப்புக்காக உள்ளேயே விட்டிருந்தேன். அங்கேதான் பிடி கிடைத்தது. கிரப்பை எந்த டிஸ்கில் எழுத வேண்டும் என்று நிறுவும்போது கேட்டு, டெபியனும் உபுண்டுவும் அந்த டிஸ்கின் அடையாளத்தைக் குறித்து வைத்துக்கொள்ளும். நகலெடுத்தபோது அந்தக் குறிப்பும் சேர்ந்தே வந்துவிட்டது. அப்டேட் வந்தது; புது மாட்யூல்கள் எஸ்எஸ்டியின் /பூட்/கிரப்பில் இறங்கின; புது மையப் பகுதியோ குறிப்பில் இருந்தபடி பழைய ஹார்ட் டிஸ்கின் தலையில் எழுதப்பட்டது. பூட் ஆவது எஸ்எஸ்டியிலிருந்து. அதன் தலையில் பழைய மையப் பகுதி. புது மாட்யூல் கிரப்_காலாக் என்ற ஒன்றைக் கேட்க, பழைய மையத்தில் அப்படி ஒன்று கிடையாது.

இது புரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பென்டிரைவே வேண்டாம். ரீஸ்டார்ட் செய்து, எஃப்12-ல் பூட் மெனுவை எடுத்து, பழைய ஹார்ட் டிஸ்கைத் தேர்ந்தெடுத்தேன். அதன் தலையில்தான் புதுசு இருக்கிறதே! அது எஸ்எஸ்டியில் இருந்த மாட்யூல்களைத் தேடிப் பிடித்து ஒழுங்காகப் பூட் செய்தது. உள்ளே போய் சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கிரப்-பிசி. இரண்டு கேள்விக்கு எண்டர். டிஸ்க் பட்டியல் வந்ததும் ஸ்பேஸ் பாரால் எஸ்எஸ்டியை டிக் செய்து, பழையதன் டிக்கை எடுத்தேன். முடிந்தது. கணக்கர் மூன்றாவது டீ கொண்டுவருவதற்குள் எடைச் சீட்டு அச்சாக ஆரம்பித்துவிட்டது. தப்பு என்னுடையது என்பதால் அன்று காசு வாங்கவில்லை.

உங்களிடம் இரண்டாவது டிஸ்க் இல்லையென்றால் அடுத்த கேள்விக்கு வாருங்கள். பிழையில் வரும் பெயர் மட்டும் காலத்துக்குக் காலம் மாறும். "சிம்பல், நாட் ஃபவுண்ட்" என்ற இரண்டும் இருந்தால் வியாதி இதேதான்.

லைவ் பென்டிரைவ் வைத்து கிரப்பை மறுபடி எழுதுவது எப்படி?

லைவ் பென்டிரைவ் என்றால் டிஸ்கில் நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் பென்டிரைவ். நீங்கள் நிறுவிய அதே உபுண்டு அல்லது மின்ட் பென்டிரைவில் பூட் செய்து "ட்ரை" என்பதைக் கொடுங்கள். "இன்ஸ்டால்" வேண்டாம். யூஇஎஃப்ஐ மெஷின் என்றால் பென்டிரைவும் யூஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகியிருக்க வேண்டும். எல்எஸ் /சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ அடித்துப் பாருங்கள். "அப்படி ஒன்று இல்லை" என்றால் பூட் மெனுவில் பென்டிரைவ் இரண்டு தடவை வந்திருக்கும். யூஇஎஃப்ஐ என்று முன்னால் போட்டதை எடுங்கள்.

அடுத்து எல்எஸ்பிஎல்கே -எஃப் அடித்து டிஸ்க்குகளைப் பாருங்கள். இந்த இடத்தில் நிதானம். நான் ஒரு தடவை பழக்க தோஷத்தில் எஸ்டிஏ என்று அடித்துவிட்டேன். அந்த லேப்டாப்பில் எஸ்டிஏ என் பென்டிரைவ். உள்ளே இருந்த டிஸ்க் எஸ்டிபி. "நோ எரர் ரிப்போர்ட்டட்" என்று அழகாகச் சொன்னது. பென்டிரைவைப் பிடுங்கி ரீஸ்டார்ட் செய்தால் பழைய கறுப்புத் திரை. வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து பெயரைப் பார்ப்பதில்லை, அளவைப் பார்க்கிறேன். எல்எஸ்பிஎல்கே என்று மட்டும் அடித்தால் அளவு காட்டும்: 500 ஜிபி டிஸ்க் 465.8 என்று வரும். 32 ஜிபி பென்டிரைவ் 30-க்குப் பக்கத்தில் காட்டும். இரண்டையும் குழப்பவே முடியாது.

லினக்ஸ் பார்ட்டிஷன் எஸ்டிஏ2, இஎஃப்ஐ பார்ட்டிஷன் எஸ்டிஏ1 என்று வைத்துக்கொள்வோம். சூடோ மவுண்ட் /டெவ்/எஸ்டிஏ2 /எம்என்டி. யூஇஎஃப்ஐ என்றால் சூடோ மவுண்ட் /டெவ்/எஸ்டிஏ1 /எம்என்டி/பூட்/இஎஃப்ஐ. /பூட் தனியாக இருந்தால் அதை நடுவில் மவுண்ட் செய்ய மறக்கக் கூடாது. மறந்தால் புது ஃபைல்கள் வேறெங்கோ இறங்கும், நீங்கள் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். பிறகு /டெவ், /ப்ராக், /சிஸ், /ரன் நான்கையும் ஒவ்வொன்றாக சூடோ மவுண்ட் --ஆர்பைண்ட் கொடுத்து /எம்என்டிக்குள் அதே பெயரில் கட்டுங்கள். கடைசியாக சூடோ சிரூட் /எம்என்டி. இப்போது உங்கள் சொந்த சிஸ்டத்துக்குள் நிற்கிறீர்கள்.

பயாஸ் என்றால் கிரப்-இன்ஸ்டால் /டெவ்/எஸ்டிஏ. யூஇஎஃப்ஐ என்றால் வெறும் கிரப்-இன்ஸ்டால் போதும். இரண்டுக்கும் பிறகு அப்டேட்-கிரப். வெளியே வர எக்ஸிட். என்விஎம்இ டிஸ்க் என்றால் பெயர் என்விஎம்இ0என்1பி2 என்கிற மாதிரி நீளமாக இருக்கும், மற்றபடி எல்லாம் ஒன்றுதான்.

இதையெல்லாம் தானாகச் செய்யும் பூட்-ரிப்பேர் என்ற டூல் இருக்கிறதே?

இருக்கிறது, நல்ல டூல். "ரெகமண்டட் ரிப்பேர்" என்ற பெரிய பட்டனோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு. "அட்வான்ஸ்டு" பக்கம் போய் எல்லாவற்றையும் டிக் அடித்துவிட்டு வருபவர்கள் எனக்கு இரட்டை வேலை கொடுப்பவர்கள். லைவ் உபுண்டுவில் அதை இறக்க இன்டர்நெட் வேண்டும். போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டால் பிடித்துக்கொள்ளும். டவர் கிடைக்காத எஸ்டேட்டில் இருப்பவர்கள் மேலே உள்ளதைத்தான் பழக வேண்டும்.

விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து இருக்கிறது. அப்டேட்டுக்குப் பிறகு நேரே விண்டோஸுக்கே போகிறது.

லினக்ஸ் எங்கேயும் போகவில்லை, மதர்போர்டு பட்டியலில் வரிசை மாறிவிட்டது. எஃப்2 அல்லது டெலீட் அழுத்தி யூஇஎஃப்ஐ அமைப்புக்குள் போய், பூட் வரிசையில் உபுண்டுவை மேலே ஏற்றுங்கள். பட்டியலில் பெயரே காணோம் என்றால் மேலே சொன்ன கிரப்-இன்ஸ்டால் அதைத் திரும்பச் சேர்த்துவிடும்.

நேர்மாறாக, கிரப் மெனுவில் விண்டோஸ் காணாமல் போனால் அது கிரப் 2.06 பதிப்பிலிருந்து வந்த மாற்றம். மற்ற சிஸ்டங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபரைப் பாதுகாப்புக்காக அணைத்துவிட்டார்கள். /இடிசி/டிஃபால்ட்/கிரப் ஃபைலில் கிரப்_டிசேபிள்_ஓஎஸ்_ப்ரோபர்=ஃபால்ஸ் என்று ஒரு வரி (அந்த ஃபைலுக்குள் இடப்பக்கப் பெயர் பெரிய எழுத்தில்), பிறகு அப்டேட்-கிரப்.

"செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்" என்று வந்து மெஷினே அணைந்துவிடுகிறது!

"சம்திங் ஹேஸ் கான் சீரியஸ்லி ராங்" என்றும் சேர்த்துப் பயமுறுத்தும். 2024 ஆகஸ்ட் 13-ல் வந்த விண்டோஸ் அப்டேட், பழைய கிரப், ஷிம் பதிப்புகளை நம்பக் கூடாது என்று மதர்போர்டில் எழுதி வைத்தது. இரண்டு சிஸ்டம் இருக்கும் மெஷின்களைத் தொடாது என்றுதான் சொன்னார்கள், தொட்டது. விண்டோஸில் அப்டேட், படுத்தது லினக்ஸ்.

யூஇஎஃப்ஐ அமைப்பில் செக்யூர் பூட்டை அணைத்துவிட்டு லினக்ஸுக்குள் போங்கள். சூடோ மோக்யுடில் --செட்-எஸ்பாட்-பாலிசி டிலீட். செக்யூர் பூட் அணைந்த நிலையிலேயே ஒரு தடவை லினக்ஸில் ரீஸ்டார்ட் செய்து, ஷிம், கிரப் அப்டேட்டுகளைப் போட்டு, பிறகு செக்யூர் பூட்டைத் திரும்ப ஆன் செய்யுங்கள். விண்டோஸில் பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டு போட்டிருந்தால் இதில் கை வைக்கும் முன் அதன் ரெகவரி கீயை எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் 48 இலக்க எண் கேட்டு உட்கார்ந்துகொள்ளும்.

அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. இனி?

நம்ம ஊரில் இந்தக் கேள்விதான் அதிகம். வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரி பக்கமும், ஆடிக் காற்றில் கூடலூர், நடுவட்டம் பக்கமும் ஒரு கற்பூர மரம் சாய்ந்து லைனில் விழுந்தால் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய், பழைய கெர்னலின் "ரெகவரி மோட்" எடுத்து, அதில் "ரூட்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். டிஸ்க் படிக்க மட்டும் திறந்திருக்கும்; மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ / அடித்து எழுதவும் திறங்கள். பிறகு டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ. பாதியில் விட்ட இடத்திலிருந்து ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வரும். ஆப்ட் -எஃப் இன்ஸ்டால் விட்டுப்போனதைச் சேர்க்கும். கடைசியில் அப்டேட்-கிரப். மெனுவே வரவில்லையென்றால் பென்டிரைவ் வழியாக சிரூட்டுக்குள் போய் இதையே அடியுங்கள்.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் ஒரு யுபிஎஸ் வாங்குங்கள். பத்து நிமிடம் தாங்கினால் போதும். வீட்டு இன்வெர்ட்டர் சில, மாறும் அந்தக் கண்சிமிட்டல் நேரத்தில் கம்ப்யூட்டரை அணைத்துவிடும். அதை நம்பி அப்டேட் போடாதீர்கள்.

கடிகாரம் பல வருஷம் பின்னால் காட்டுகிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 காசு பேட்டரி தீர்ந்துவிட்டது. அது தீர்ந்தால் பல மெஷின்களில் பயாஸ் அமைப்பு ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடும்: யூஇஎஃப்ஐ இருந்தது லெகசி (பழைய பயாஸ் முறை) ஆகும், டிஸ்க் முறை மாறும், பூட் வரிசை குலையும். மார்கழி உறைபனிக் காலையில் "நேத்து ராத்திரி வரைக்கும் ஓடிச்சு" என்று வருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது தேதியைத்தான். தேதி தப்பாக இருந்தால் அப்டேட்டை இறக்கும் ஆப்ட்டும் வேலை செய்யாது. "ரிலீஸ் ஃபைல் நாட் வேலிட் எட்" என்று மறுத்துவிடும். எதிர்காலத்திலிருந்து வந்த ஃபைலை அது எப்படி நம்பும்? பேட்டரியை மாற்றி, தேதியைச் சரிசெய்து, பழைய அமைப்பைத் திரும்ப வையுங்கள். கிரப்பைத் தொடவே தேவைப்படாது.

இவ்வளவு வம்பென்றால் அப்டேட்டே போடாமல் விட்டுவிடலாமே?

எடைக் கணக்கு மட்டும் பார்க்கும், இன்டர்நெட் இல்லாத மெஷின் என்றால் உங்கள் இஷ்டம். பேங்க் வேலை பார்க்கும் மெஷினில் கூடாது. கரண்ட் நிலையாக இருக்கும் காலை நேரத்தில், அன்று அவசர வேலை இல்லையென்றால் போடுங்கள். மாதக் கடைசியில், சம்பள நாளில் வேண்டாம். மின்டில் சிஸ்டத்தின் நிலையைப் பதிந்துவைத்து, கெட்டால் பழையபடி திருப்பும் டைம்ஷிஃப்ட் இருக்கிறது. போடும் முன் ஒரு ஸ்னாப்ஷாட். அப்டேட் முடிந்ததும் அப்போதே ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். மூன்று வாரம் கழித்து ரீஸ்டார்ட் செய்து அன்று நின்றால் எதனால் என்று கண்டுபிடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும்.

முன்கூட்டியே என்ன தயாராக வைத்திருக்கலாம்?

உங்கள் சிஸ்டத்தில் இருக்கும் அதே பதிப்பின் லைவ் பென்டிரைவ் ஒன்று, 8 ஜிபி போதும். அதில் ஒரு தடவையாவது பூட் செய்து பார்த்திருக்க வேண்டும். எல்எஸ்பிஎல்கே -எஃப் காட்டுவதை ஒரு தாளில் எழுதி, பயாஸா யூஇஎஃப்ஐயா என்றும் குறித்து, கேபினெட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். செல்லோடேப் வேண்டாம், ஒரே மழையில் விட்டுவிடும். நான் மாவுப்பசைதான் போடுகிறேன். கரப்பான் தின்னாமல் இருக்க அதில் கொஞ்சம் துத்தம் கலந்து.